தலைமாட்டுப் பட்டு

தூசிக்குள் உயிர் இருக்கிறது என்று எனக்குக் காட்டியவர் சென்னையில் ஓர் அலர்ஜி டாக்டர். மேசை மேல் கிடந்த வெளிநாட்டுப் பத்திரிகையை எங்கள் பக்கம் திருப்பி ஒரு படத்தின் மேல் விரலை வைத்தார். எட்டுக் கால்கள், கண் இல்லை, உடம்பில் அங்கங்கே முடி. பலாக்கொட்டைக்குக் கால் முளைத்தது போல இருந்தது. வெறுங்கண்ணுக்கு இது தெரியாது, பாயிலும் தலையணையிலும் குடியிருக்கிறது, தூங்கும்போது நம் உடம்பிலிருந்து உதிரும் தோல்தான் இதற்குச் சாப்பாடு, உங்கள் மகளுக்கு இத்தனை வருஷமாக இழுப்பு வருவது இதனால்தான் என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி தன் புடவைத் தலைப்பை மெல்லத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

மகள் முதுகு தெரியும்படி சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நின்றாள். அவள் முதுகில் வரிசையாகக் கீறி, ஒவ்வொரு கீறலிலும் ஒரு சொட்டு மருந்து வைத்துப் பார்த்திருந்தார்கள். வேர்க்கடலைக்கும் பூனை முடிக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டுத் தூசி வைத்த இடம் மட்டும் கொசு கடித்தது போலத் தடித்துச் சிவந்தது. அந்தத் தடிப்பைப் பார்த்தபோது எனக்கு உண்டானது சந்தோஷம்தான். எங்களுக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த ஒரே பெண். நடக்கப் பழகும் முன்பே அவளுக்கு மூச்சு இழுத்தது. ஆடாதொடை, தூதுவளை, கழுத்தில் தாயத்து, மருந்து வைத்து விழுங்கும் உயிர்மீன், எதையும் நாங்கள் விட்டுவைக்கவில்லை. இத்தனை காலம் ஆள் தெரியாமல் அடி வாங்கியவனுக்கு முதல் தடவையாக எதிராளியின் படத்தைக் காட்டிவிட்டார்கள்.

வைத்தியம் புதிது. எது உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ அதையே மிகக் கொஞ்சமாக ஊசியில் ஏற்றி, வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போவது. உடம்பு பழகிக்கொண்டால் இழுப்பு நின்றுவிடும். இதுவரை வெறும் தூசியிலிருந்து மருந்து எடுத்தார்கள், இப்போது வெளிநாட்டில் அந்தப் பூச்சியையே வளர்த்து எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள், வரவழைத்துத் தருகிறேன் என்றார்.

"ஆனா அவசரப்படக் கூடாது மாஸ்டர். வருஷக் கணக்குல போடணும். ஊசி போட்டா மட்டும் போதாது, வீட்ல அந்தப் பூச்சியைக் குறைக்கணும். குழந்தை எதும்மேல படுக்குதோ, எதைப் போத்திக்குதோ, எல்லாத்தையும் கொதிக்கிற தண்ணியில போடுங்க. வெயில்ல காயப் போடுங்க. பஞ்சுத் தலகாணி வேணவே வேணாம்."

நான் உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுப்பவன். டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் பிடித்துக்கொண்டேன். காஞ்சிபுரம் வந்து சேரும் வரை பஸ்ஸில் அதையே மனைவிக்குத் திருப்பித் திருப்பிச் சொன்னேன். அவள் ஊம் கொட்டிக்கொண்டே வந்தாள். கடைசியில், "இவ்ளோ நாளா நம்ம கூடவே படுத்துக்கினு இருந்துதா அது?" என்று மட்டும் கேட்டாள்.

மறுநாளே இலவம்பஞ்சுத் தலையணைகளைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய் நானே பிரித்தேன். பஞ்சு காற்றில் ஏறி வீடு முழுக்கப் பறந்தது. ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்த மகள் தும்மத் தொடங்கினாள். "பூச்சிய வெரட்டறாராம் உங்கப்பா, எல்லாத்தையும் உள்ள அனுப்பறாரு" என்று மனைவி அவளை இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். அன்று நாங்கள் மூவரும் சிரித்தோம்.

அதற்குப் பிறகு வீட்டில் நான் சொன்னதுதான் சட்டம். துடைப்பம் உள்ளே வரக்கூடாது, ஈரத்துணியால்தான் துடைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அண்டாவில் தண்ணீர் கொதிக்கும், பாய் விரிப்பிலிருந்து என் துண்டு வரை எல்லாம் அதில் முங்கும். நான் மாடியில் காயும் துணிகளைத் தடவிப் பார்ப்பேன். பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்டர் வருவது போல, மாலையில் வந்ததும் மகளின் பாயைத் தட்டி வெளிச்சத்தில் பார்ப்பேன். மனைவியின் உள்ளங்கை சலவைச் சோடாவில் வெடித்து, சோறு பிசைந்தால் எரிந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. ஸ்பூனை எடுத்துப் பிசைவதைக் கண்டு நான் கேட்ட பிறகு சொன்னாள்.

மகளுக்குத் தலைக்கு உயரமாக எதுவும் இல்லாமல் தூக்கம் வரவில்லை. மனைவி தன் கல்யாணப் புடவையைக் கொண்டுவந்தாள். அவளுடைய அப்பா தன் தறியில் தானே நெய்து கொடுத்தது. அரக்கு உடல், பச்சைக் கரை, கனமான ஜரிகை. கொசுவம் விழும் இடத்தில் மடிப்பு கிழிந்துவிட்டதால் கட்ட முடியாது. மகள் கைக்குழந்தையாக இருந்தபோதே அது அவளுக்குப் போர்வையாகிவிட்டது. கரையின் ஓரத்தை விரலிடுக்கில் உருட்டிக்கொண்டேதான் தூங்குவாள். பட்டின் எடைக்கு அது நாலாக மடித்தால் நல்ல தலையணை.

"ஏங்க, இது இருக்கலாமா?" என்று மனைவி கேட்டாள்.

"பட்டு தானே. வழவழன்னு இருக்குது, அதுல தூசி எங்க நிக்கும்?" என்றேன்.

"அதானே. சாமி கிட்டயே போற துணி" என்றாள்.

எங்கள் வீடுகளில் பட்டைத் துவைக்க மாட்டோம். தண்ணீரில் போட்டால் சாயமும் ஜரிகையும் கெடும். வெயிலில் போட்டால் நிறம் போகும். உதறி நிழலில் விரித்து மடித்து வைத்தால் போதும். மற்றபடி பட்டுக்குத் தீட்டு இல்லை. பருத்திப் புடவை யாராவது தொட்டாலே மடி கெட்டுவிடும், பட்டு எங்கே போய் வந்தாலும் சுத்தம். இது யாரும் உட்கார்ந்து யோசித்து ஏற்றுக்கொண்ட விஷயம் அல்ல. நானும் யோசிக்கவில்லை. எல்லாத் துணியும் அண்டாவுக்குப் போன ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஒரு துணி உதறப்பட்டு, மடிக்கப்பட்டு, மறுபடி என் மகளின் கன்னத்துக்கு அடியில் போய்ச் சேர்ந்தது.

ஊசியை எங்கள் ஊரிலேயே ஒரு டாக்டர் போட்டார். அவரிடம் பிரிட்ஜ் இருந்ததால் மருந்தும் அங்கேயே இருந்தது. ஊசி போட்டதும் அரைமணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும், ஏதாவது ஆனால் உடனே பார்க்க. மாதங்கள் போயின. இழுப்பு வந்தது, போயிற்று, வந்தது. முன்னைக்கு இப்போது குறைவா என்று நான் கேட்பேன். "குறைவுன்னும் சொல்ல முடியல, ஜாஸ்தின்னும் சொல்ல முடியல" என்பாள் மனைவி. அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை.

ஐப்பசி பிறந்ததும் அவளுடைய அண்ணன் வீட்டில் பிரசவம். அங்கே பார்த்துக்கொள்ள வேறு பெண் துணை இல்லை. அண்ணன் இருக்கும் பிள்ளையார்பாளையம் நடக்கிற தூரம்தான், ஆனால் இரண்டு தறிகள் ஓடும் வீடு, பட்டு நூல் தும்பும் சாயமுமாக இருக்கும். மகளை அங்கே அனுப்ப நான் ஒப்பவில்லை. மனைவி மட்டும் போனாள். போகும்போது அந்தப் புடவையையும் பைக்குள் வைத்தாள்.

"அண்ணன் அந்தக் கரையப் பாக்கணுங்குது. அப்பா போட்ட கரை மாதிரி ஒண்ணு தறியில எறக்கணுமாம்."

"பாப்பா தலைக்கு?"

"உங்க வேட்டிய மடிச்சி வெய்யுங்க. தோச்சதா பாத்து."

அந்த வருஷம் மழை சீக்கிரமே பிடித்துக்கொண்டது. சுவரெல்லாம் ஓதம் ஏறியது. வழக்கமாக மகளுக்கு மிக மோசமான காலம் அதுதான். நான் விடியற்காலையில் விழித்துக்கொண்டு காத்திருந்தேன். அந்த விசில் சத்தம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஒரு வாரம் போனதும் அவள் தாழ்வாரத்தில் ஸ்கிப்பிங் ஆடினாள். நான் வைத்த ரசத்தைக் கிண்டல் செய்தாள். "அம்மா வர்ற வரைக்கும் மூக்க மூடிக்கினு சாப்புட்றேம்பா" என்றாள். மூக்கை மூடிக்கொண்டு அவளால் சாப்பிட முடிந்தது. அதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது.

பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் அறைக் கரும்பலகையில் அந்தப் பூச்சியை வரைந்து காட்டினேன். டிராயிங் மாஸ்டர் சாக்பீஸைப் பிடுங்கி அதற்கு மீசை வைத்தார்.

"அப்ப ஊசிதான் பண்ணிச்சின்றீங்க?"

"வேற இன்னா சார்? மழையில ஒரு நாள் கூட இழுப்பு இல்ல."

"நம்ப சார் பூச்சியவே பிராக்டிகல் வெச்சிப் பாஸ் பண்ணிட்டாருபா."

நான் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். இழுப்புள்ள வேறு இரண்டு பிள்ளைகளின் அப்பாக்களைப் பள்ளிக்கு வரவழைத்துச் சென்னை டாக்டரின் வழியைச் சொன்னேன். எங்கள் ஊர் டாக்டரிடமும் சொன்னேன். அவர் சிரிஞ்சைக் கொதிக்க வைத்துக்கொண்டே, "இருங்க சார். மருந்து இன்னும் பாதி அளவு கூட ஏறல. இப்பவே இப்டி கேக்காது. வேற ஏதாவது மாறியிருக்குதா வீட்ல?" என்று கேட்டார். ஒன்றும் மாறவில்லை என்றேன். வீட்டில் மனைவி இல்லை என்பது எனக்கு அப்போது ஒரு மாற்றமாகத் தோன்றவில்லை. புடவை நினைவிலேயே இல்லை.

அவள் திரும்பி வந்தபோது பிரசவத் தீட்டு வீட்டிலிருந்து வருகிறோம் என்று நேரே கிணற்றடிக்குப் போனாள். தலைக்கு ஊற்றிக்கொண்டு, கட்டியிருந்தது, பையில் இருந்தது என்று எல்லாப் பருத்தித் துணியையும் நனைத்துப் போட்டாள். பட்டை மட்டும் எடுத்துக் கொடியில் மாட்டினாள். மாலையில் அதை உதறி மடித்து மகளின் தலைமாட்டில் வைத்தாள். மகள் அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "தறி வாசன வருதும்மா" என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

இரண்டொரு நாளில் விடியற்காலையில் விசில் கேட்டது. மகள் எழுந்து உட்கார்ந்து, தோள்களைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். மனைவி வெந்நீர் வைக்க ஓடினாள். டம்ளரோடு அவள் திரும்பி வந்தபோது நான் அதைச் சொன்னேன்.

"நீ இல்லாதவரைக்கும் கொழந்த நல்லாத்தான் இருந்துது."

கத்தவில்லை. வகுப்பில் ஒரு சோதனையின் முடிவைச் சொல்வது போலச் சொன்னேன். அதனால்தான் அவள் அதை நம்பினாள் என்று இப்போது நினைக்கிறேன். கோபத்தில் சொல்லியிருந்தால் அவளும் ஏதாவது சொல்லியிருப்பாள், இரண்டு நாளில் போயிருக்கும்.

அதோடும் நான் விடவில்லை. தலைக்கு என்ன எண்ணெய், அண்ணன் வீட்டில் எங்கே படுத்தாய், மல்லிப்பூ வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் படுத்தாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவளும் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னாள். மறுநாளிலிருந்து பூ வைப்பதை நிறுத்தினாள். எண்ணெயை நிறுத்தியதால் தலைமுடி பறந்தது. மகளுக்குத் தலை பின்னப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டாள். படுக்கையைச் சமையல்கட்டுக்கு மாற்றிக்கொண்டாள். மகள் "அம்மா, இங்க வா" என்று அழைத்தால், வாசற்படிக்கு அந்தப் பக்கமே நின்று, "இங்கியேதான் இருக்கேன், தூங்கு" என்பாள்.

நான் அதைத் தடுக்கவில்லை. அப்படிச் செய்து பார்ப்பதும் நல்லதுதான் என்று எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது.

அம்மா பக்கத்தில் இல்லாமல் மகள் அழுதாள். மனைவி, அந்தப் புடவையைத் தலைக்கு வைத்தது போக, மிச்சத்தைப் பிரித்துப் போர்த்திக்கொள்ளச் சொன்னாள். "நான்தான் இல்ல, இதயாவது வெச்சிக்கட்டுமே" என்றாள் என்னிடம். மகள் அதைத் தலையோடு இழுத்து மூடிக்கொண்டு தூங்கினாள். இழுப்பு குறையவில்லை. நாளுக்கு நாள் ஏறியது. மனைவி பக்கத்தில் வராமலே ஏன் ஏறுகிறது என்று நான் என்னைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மழை என்றேன். ஊசியின் அளவைக் கூட்டச் சொல்லலாமா என்று யோசித்தேன்.

கார்த்திகையில் ஒரு நாள், விடிந்தும் விடியாத நேரம், மகள் என்னைத் தட்டி எழுப்பினாள். பேச்சு வரவில்லை. உதடு நாவல்பழம் தின்றது போல இருந்தது. விசில் சத்தம் கூட இல்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. தூக்கிக்கொண்டு மழையில் தெருவுக்கு ஓடினேன். ரிக்‌ஷாக்காரர் தார்ப்பாயை இழுத்துவிட்டு மிதித்தார். மடியில் அவள் விலா எலும்புகள் உள்வாங்குவதை என் கை உணர்ந்தது. மனைவி பின்னால் நடந்து வந்தாள். ரிக்‌ஷாவில் மூன்று பேருக்கு இடம் இருந்தது. அவள் ஏறவில்லை, நானும் ஏறச் சொல்லவில்லை.

டாக்டர் லுங்கியோடு இறங்கி வந்தார். நரம்பில் மெதுவாக மருந்து ஏற்றினார். ஏற்றும்போது என் பக்கம் திரும்பவே இல்லை. வெகுநேரம் கழித்துத்தான் விசில் சத்தம் திரும்ப வந்தது. அந்தச் சத்தத்தை வாழ்க்கையில் முதல் தடவையாக நான் விரும்பிக் கேட்டேன்.

அவருடைய கிளினிக்கின் பின்புறம் இரண்டு கட்டில்கள் இருந்தன. ரெக்ஸின் மெத்தை, ரெக்ஸின் தலையணை, வெளுத்த விரிப்பு. அங்கேயே வைத்துப் பார்க்கலாம் என்றார். ஊசியால் வந்ததோ என்று அவருக்குச் சந்தேகம், அதை நிறுத்தி வைத்தார். அங்கே படுத்த இரண்டாம் நாளே மகள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டாள். எதிர்க் கட்டில் பாட்டியிடம் பல் எத்தனை மிச்சம் என்று எண்ணிக் காட்டச் சொன்னாள். மனைவி சாப்பாடு கொண்டுவருவாள். வாசற்படியில் நின்று தூக்கை என்னிடம் கொடுத்துவிட்டு, அங்கிருந்தே மகளைப் பார்த்துவிட்டுப் போவாள்.

மகள் அம்மாவிடம் புடவையைக் கேட்டிருந்தாள். மனைவி மடித்து எடுத்துவந்தாள். "நீங்களே வெச்சிடுங்க" என்றாள். நான் வாங்கி, மகளின் தலையைத் தூக்கி, அடியில் வைத்தேன். அவள் கரையைத் தேடி விரலில் பிடித்துக்கொண்டு கன்னத்தைத் தேய்த்தாள்.

முதலில் மூக்கைத் துடைத்தாள். பிறகு தும்மினாள், நிறுத்தாமல். கண் சிவந்தது. டாக்டர் எதிர்க் கட்டில் பாட்டியின் நாடியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் தலையைத் திருப்பினார். அதற்குள் மார்பில் மெல்லிய விசில் தொடங்கிவிட்டது.

"காலைல நெஞ்சு சுத்தமா இருந்துதே. இன்னா குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கலீங்க."

அவர் கண் தலைமாட்டுக்குப் போனது. புடவையை உருவி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தட்டுத் தட்டினார். வெயில் கீற்றுக்குள் பொடி மிதந்தது.

"இது எப்பத் தோச்சது?"

நான் வாயைத் திறப்பதற்குள் வாசற்படியிலிருந்து மனைவி சொன்னாள். "அது பட்டுங்க டாக்டர். தோய்க்கறதில்ல."

"கல்யாணத்துலேர்ந்தா?"

"ஆமாங்க."

"வீட்ல இதும்மேலதான் படுக்குதா?"

"பொறந்ததுலேர்ந்து."

டாக்டர் என்னைப் பார்த்தார். "இன்னா சார், ஊருக்கெல்லாம் பூச்சியப் பத்திக் கிளாஸ் எடுக்கறீங்க. வீட்ல அதுக்குப் பட்டு மெத்த போட்டு வெச்சிருக்கீங்களே." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். புடவையை நர்ஸிடம் கொடுத்து வெளியே வைக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் மகளின் விசில் தணிந்தது. எதிர்க் கட்டில் பாட்டி, "பட்டுக்கு ஏம்பா தோஷம் சொல்றாரு இவரு?" என்று என்னைக் கேட்டாள்.

எனக்குள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. புடவை பிள்ளையார்பாளையம் போன நாள், வந்த நாள், சமையல்கட்டுப் படுக்கை, தலையோடு மூடிய போர்வை. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு சோதனையில் ஒரே நேரத்தில் இரண்டு பொருள்களை மாற்றாதே என்று வருஷா வருஷம் சொல்பவன் நான். வீட்டை விட்டு இரண்டு ஒன்றாகப் போய் இரண்டு ஒன்றாக வந்தன. ஒன்று பேசும், குற்றம் சொன்னால் ஏற்றுக்கொள்ளும். அதன் மேல் நான் கை வைத்தேன்.

வெளியே வந்தேன். மனைவி நடை ஓரத்தில் அந்தப் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். உடம்பில் படாமல், நீட்டிப் பிடித்திருந்தாள்.

"அது நீ இல்ல. பட்டுதான்" என்றேன். அவளுக்கு விடுதலை கொண்டுவந்தது போல நான் அதைச் சொன்னேன்.

அவள் புடவையைப் பார்த்தாள். "பட்டு யாருதுங்க?" என்று கேட்டாள்.

ஒரு பழியை எடுத்துவிட்டு இன்னொன்றை அவள் கையிலேயே கொடுத்திருந்தேன். "நீ கேட்டப்ப இருக்கட்டும்னு சொன்னது நான்தான்" என்றேன்.

"நீங்க சொல்லலன்னாலும் வெச்சிருப்பேன்" என்றாள். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாளா என்று தெரியவில்லை. மழை நின்றிருந்தது. அவள் தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

தூக்கிப் போட வேண்டாம், கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்தால் போதும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தை மாதத்தில் வெயில் வந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவி தானே அண்டாவை ஏற்றினாள். நான் போடுகிறேன் என்றதற்கு, "உங்களுக்குத் தெரியாது, அடுப்புல வுட்டுடுவீங்க" என்றாள். புடவை உள்ளே போனதும் தண்ணீர் அரக்காயிற்று. பிறகு இன்னும் அடர்ந்தது. அவள் கட்டையால் அமுக்கிக்கொண்டே இருந்தாள். கரையின் மாதிரியை அவள் அண்ணன் முன்பே பார்த்து எடுத்துக்கொண்டுவிட்டார், அந்த மட்டும் நிம்மதி. சாயத் தண்ணீர் கிணற்றடி வாய்க்காலில் ஓடுவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் பார்க்கவில்லை, அடுத்த துணியை எடுத்துக்கொண்டிருந்தாள்.

மாடியில், நேர் வெயிலில் காயப் போட்டாள். மாலையில் எடுத்தபோது அது சுருங்கி, பச்சையும் அரக்கும் ஒன்றில் ஒன்று கலந்து, அப்பளம் போல இருந்தது. மகள் தொட்டுப் பார்த்தாள். கரையை விரலில் உருட்டிப் பார்த்தாள்.

"இது அது இல்லம்மா."

"அதேதான்டி. மொத மொற குளிச்சிருக்குது, அதான் அடையாளம் தெரியல."

மகள் அதை வேண்டாம் என்றாள். இப்போது ரெக்ஸின் தலையணை. அது வழுக்குகிறது, காலையில் தலை தரையில் கிடக்கிறது. புடவை பெட்டியில் இருக்கிறது.

ஊசி மறுபடி அடியிலிருந்து தொடங்கியது. சென்னை டாக்டரிடம் நடந்ததைச் சொன்னபோது, இந்த ஊசிக்கு நீங்கள் இன்னும் நியாயமான வாய்ப்பே கொடுக்கவில்லை என்றார். இழுப்பு இப்போது எப்போதாவதுதான் வருகிறது. பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போகிறாள். ஊசியாலா, பட்டு போனதாலா என்று டிராயிங் மாஸ்டர் கேட்டார். தெரியாது என்றேன். நிச்சயமாகத் தெரிந்துகொள்ள ஊசியை நிறுத்திப் பார்ப்பது என்று ஒரு வழி இருக்கிறது, அதை யாரும் செய்ய மாட்டோம். நான் பள்ளிக்கு வரவழைத்துப் பேசிய அந்த இரண்டு அப்பாக்களையும் தேடிப் போய், உங்கள் வீட்டில் துவைக்காத துணி என்று ஏதாவது உண்டா, பட்டு உள்பட, என்று கேட்டுவிட்டு வந்தேன். ஒருவர் வீட்டில் இருந்தது.

ஆனால் மனைவி சமையல்கட்டிலிருந்து முழுதாக வெளியே வரவில்லை. படுக்கையை இந்தப் பக்கம் கொண்டுவந்துவிட்டாள், சுவரோரமாக. மகளுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு பாய் அகலம் இடம் விடுகிறாள். பூ வைப்பதில்லை. நான் வாங்கி வந்தால் சாமி படத்துக்குச் சாத்திவிடுகிறாள். வா, பக்கத்தில் படு, ஒன்றும் ஆகாது என்று பல தடவை சொல்லிப் பார்த்தேன். "எதுக்குங்க, நல்லாத்தானே இருக்குது" என்பாள். நான் அன்று சொன்ன வார்த்தையின் பாதி அதில் இருக்கிறது. அவள் வேண்டுமென்று சொல்வதில்லை.

போன வாரம் ஊசிக்கு மூவரும் போனோம். போட்டுக்கொண்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் ஒரு முனை, மகள் நடுவில், மனைவி மறு முனை, இடைவெளி விட்டு. மகள் ஊசி போட்ட கையைத் தேய்த்துக்கொண்டே, "இன்னும் எவ்ளோ நேரம்பா?" என்று கேட்டாள். இப்போதுதானே உட்கார்ந்தோம் என்றேன். அவள் பெஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தாள், நகர்வது தெரியாதது போலச் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே. அம்மாவின் பக்கம் போய்ச் சேர்ந்ததும் தலையை அவள் தோளில் சாய்த்து, புடவைத் தலைப்பின் ஓரத்தை விரலில் பிடித்துக்கொண்டாள். பருத்திப் புடவை, காலையில் கொதிக்கவைத்தது.

மனைவி அசையாமல் இருந்தாள். பிறகு மகளின் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தாள். இருக்கலாமா என்று கேட்கும் பார்வை.

நான் தலையை ஆட்டினேன். அவள் மெல்ல மூச்சை விட்டு, கையை மகளைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள். தன் குழந்தையைத் தொட அவள் என்னைக் கேட்க வேண்டியிருந்தது, நானும் அனுமதி கொடுத்தேன். மிச்ச நேரம் முழுக்க எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.